கிடார் ஆர்டர் செய்யப் போகிறீர்களா? கலரைக் கடைசியில் பாருங்கள்

கம்ப்யூட்டர் இதழில் கிடாருக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டாம். நமக்கு வேண்டியபடி எலக்ட்ரிக் கிடார் செய்து தரச் சொல்லி, வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடியே இன்று ஆர்டர் கொடுக்கலாம். கலிபோர்னியாவில் உள்ள கீஸல் நிறுவனம் இப்படித்தான் விற்கிறது. 1946-ல் லோவல் கீஸல் தொடங்கிய இந்த நிறுவனம் கார்வின் என்ற பெயரில் பல ஆண்டுகள் இயங்கியது. 2015-ல் கிடார் பிரிவு மட்டும் தனியாகப் பிரிந்து கீஸல் ஆனது. இவர்களுடைய தளத்தில் மாடலைத் தேர்வு செய்தால் மரம், கழுத்து, பிக்கப், பிரிட்ஜ், வண்ணம் என்று வரிசையாக மெனுக்கள் விரியும். ஒவ்வொன்றையும் க்ளிக் செய்யச் செய்ய விலையும் மாறிக்கொண்டே போகும்.

என் அக்கா மகன் இரண்டு வருட சேமிப்பை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பக்கத்தின் முன் உட்கார்ந்தான். முதல் ஒரு மணி நேரமும் நீலமா பச்சையா என்பதிலேயே போனது. நான் அவனிடம் சொன்னதையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். ரேம் குறைந்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம். மதர்போர்டைத் தவறாக வாங்கிவிட்டால் எல்லாமே சிக்கல். கிடாரிலும் பிறகு மாற்றக்கூடியவை, மாற்றவே முடியாதவை என்று இரண்டு வகை உண்டு. நமக்கென்று தனியாகச் செய்த கிடாரைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆகவே எக்ஸெல்லைத் திறந்து முதல் காலத்தில் ஆப்ஷன், இரண்டாவதில் விலை, மூன்றாவதில் 'பிறகு மாற்றலாமா' என்று எழுதுங்கள். மூன்றாவது காலத்தில் 'இல்லை' என்று வருபவற்றை முதலில் முடிவு செய்யுங்கள்.

முதல் 'இல்லை' ஸ்கேல் நீளம். கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் உட்காரும் நட்டுக்கும் கீழே உள்ள பிரிட்ஜுக்கும் இடையில் அதிரும் கம்பியின் நீளம் இது. ஃபெண்டர் கிடார்களில் வழக்கமாக 25.5 அங்குலம், அதாவது சுமார் 648 மில்லிமீட்டர். கிப்சனில் 24.75 அங்குலம், சுமார் 629 மில்லிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். எக்ஸெல்லில் ஒரு கட்டத்தில் =(648/629)^2 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 1.06 என்று வரும். அதே கம்பி, அதே சுருதி என்றால் நீளமான கிடாரில் கம்பியின் இழுவிசை சுமார் 6 சதவீதம் கூடுதல் என்று பொருள். கம்பியை இழுத்து வாசிக்கும்போது விரல் நுனிக்கு இது தெரியும்.

அடுத்து =648-648/2^(4/12) என்று கொடுங்கள். நட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை உள்ள தூரம் 133.7 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். 648-க்குப் பதில் இரண்டு இடத்திலும் 629 போட்டால் 129.8. இந்த இரண்டு கோடுகளையும் ஸ்கேல் வைத்துத் தாளில் வரைந்து, இடது கை விரல்களை விரித்து வைத்துப் பாருங்கள். 4-க்குப் பதில் 1, 2, 3 என்று போட்டால் மற்ற ஃப்ரெட்களின் இடமும் கிடைத்துவிடும். கிடாரைக் கையில் தொடாமலே அளவு பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. சிறிய கை உள்ளவர்களுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் குட்டை ஸ்கேல் வசதி. சுருதியைக் கீழே இறக்கி வாசிக்க நினைப்பவர்கள் நீளமானதை எடுக்கலாம்.

ஃப்ரெட்போர்டின் வளைவும் இதே அளவு முக்கியம். பழைய ஃபெண்டர்களில் 7.25 அங்குல ஆரம், கிப்சனில் 12 அங்குலம். எண் சிறிதானால் பலகை உருண்டையாக இருக்கும். கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் கம்பிகளைத் தாழ்வாக வைத்துக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தால், உருண்ட பலகையில் கம்பி மேல் ஃப்ரெட்களில் உரசி நாதம் அறுந்துபோகும். கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்க ஆசைப்படுபவர்கள் 12 அல்லது அதற்கு மேல் தேர்வு செய்யுங்கள். இழுக்காமல் கமகம் வராது. இந்த இடத்தில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருகிறார். சாதாரண மாண்டலினில் நான்கு ஜோடியாக எட்டுக் கம்பிகள். அவர் வாசித்த எலக்ட்ரிக் மாண்டலினில் ஐந்து ஒற்றைக் கம்பிகள். சங்கீதத்துக்கு ஏற்றபடி கருவியை மாற்றிக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

கழுத்து உடலோடு சேரும் முறையையும் பிறகு மாற்ற முடியாது. ஸ்க்ரூ போட்டு முடுக்கியது, பசையால் ஒட்டியது, உடலின் கடைசி வரை ஒரே மரமாக ஓடுவது என்று மூன்று வகை. மூன்றாவது பார்க்க அழகு, விலையும் அதிகம். ஆனால் கழுத்து கோணிக்கொண்டால் ஸ்க்ரூ வகையில்தான் கழற்றி வேறு மாட்டலாம். முதல் கிடாருக்கு நான் அதையே சொல்வேன்.

பிரிட்ஜில் ஃப்ளாய்டு ரோஸ் என்ற ஆப்ஷன் வரும். கைப்பிடியை அழுத்திக் கம்பிகளைத் தளர்த்தி விளையாடலாம். இதற்கு உடலில் பெரிய குழி வெட்டுவார்கள். வெட்டிய பின் வெட்டியதுதான். சுருதி மாற்றுவதும் கம்பி மாற்றுவதும் இதில் பெரிய வேலை. வேண்டும் என்று உறுதியாகத் தெரியாதவர்கள் அசையாத பிரிட்ஜை டிக் செய்யுங்கள்.

இனி பிக்கப். கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்யப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும்தான். கம்பியின் அதிர்வோடு, அருகில் உள்ள யுபிஎஸ், அடாப்டர், பழைய டப்பா மானிட்டர் ஆகியவற்றின் இரைச்சலையும் அது பிடித்துக்கொள்ளும். ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று கேட்கும். 1955-ல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இதற்கு ஒரு வழி செய்தார். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். இதுதான் ஹம்பக்கர். ஒரு சுருளை நிறுத்தி வைக்கும் ஸ்விட்ச் ஆப்ஷனாகக் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விதமான ஒலியும் ஓரளவு கிடைக்கும். பிக்கப்பைப் பிறகு சால்டரிங் செய்து மாற்றலாம். ஆனால் ஒற்றைச் சுருளுக்கு வெட்டிய குறுகிய குழியில் அகலமான ஹம்பக்கர் உட்காராது.

9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்பும் உண்டு. இதில் கேபிளைச் செருகினாலே பேட்டரி ஓடத் தொடங்கிவிடும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்ற மறக்காதீர்கள். எந்த பிக்கப் ஆனாலும் கம்ப்யூட்டரின் மைக் துளையில் நேரடியாகச் செருகாதீர்கள். அது மைக்குக்காகச் செய்தது. சாதாரண பிக்கப்பின் ஒலி அதில் மங்கிவிடும். இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றுக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள்.

மரத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எலக்ட்ரிக் கிடாரின் ஒலியில் பிக்கப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் உள்ள பங்கு பெரிது என்பது என் கருத்து. அழகுக்காக விலை உயர்ந்த மரம் எடுங்கள், ஒலிக்காக எடுக்காதீர்கள். ஃப்ரெட்போர்டு பட்டியலில் வரும் இந்திய ரோஸ்வுட் நம் ஈட்டி மரம்தான். 2017 ஜனவரியில் இந்த மர இனத்துக்கு உலக அளவில் கட்டுப்பாடு வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு தரப்பட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இந்த விலக்கு கிடையாது. சுங்கத்தில் சிக்கல் வரக்கூடும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக வண்ணம். விண்டோஸில் நைட் லைட் ஆனில் இருந்தால் திரை மஞ்சளாகும். நீலம் பச்சையாகத் தெரியும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே சென்று அதை ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள். மரத்தின் ரேகை ஒவ்வொரு துண்டிலும் வேறுபடும் என்பதால், ஏற்கெனவே செய்து கொடுத்த கிடார்களின் புகைப்படங்களையும் பாருங்கள்.

விலையோடு கப்பல் அல்லது விமானக் கட்டணம், சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேரும். எக்ஸெல்லில் அவற்றுக்கும் வரிசை ஒதுக்குங்கள். பணம் கட்டும் முன் கண்ட்ரோலுடன் பி விசையை அழுத்தி, பிரிண்டர் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்பதைத் தேர்வு செய்து, முழுப் பக்கத்தையும் சேமியுங்கள். மறுநாள் காலை அந்த ஃபைலைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள். வலது கையா இடது கையா என்ற வரியை இரண்டு முறை பாருங்கள்.