கலம்காரியில் வண்ணத்தின் உட்பொருள்

திருவிழாக் காலத்தில் தேரின் நாற்புறமும் உருளை வடிவில் தொங்கும் தொம்பைகளைப் பக்தர்கள் கண்டிருப்பர். இவற்றுள் பழைய முறையில் கையால் எழுதப்பட்டவை கலம்காரித் துணிகள். ‘கலம்’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு எழுதுகோல் என்பது பொருள். கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையிலும், கோலார் தங்கவயலுக்கு வடகிழக்கே சொர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்த ஸ்ரீகாளஹஸ்தியிலும் இக்கலை இன்றும் வாழ்கிறது.

ஸ்ரீகாளஹஸ்தி மரபில் ராமனும் கிருஷ்ணனும் நீலம், தேவியர் பொன்மஞ்சள், அரக்கர் சிவப்பு, அனுமன் பச்சை. எழுத்தறியாத அடியவரும் நிறத்தைக் கண்டே இன்னார் என்று அறிந்து கைகூப்பினர். இது இக்கலையின் இலக்கணம். ஆயினும் அதன் உட்பொருளை அறிய, வண்ணம் உண்டாகும் விதத்தைக் காண வேண்டும்.

முதலில் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். வெல்ல நீரில் இரும்புத் துண்டுகளைப் பல நாட்கள் ஊறவைத்து எடுத்த சாற்றால் மூங்கில் எழுதுகோல் கொண்டு கோடு வரைவர். துணியில் ஏறியுள்ள கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்த பின்னரே அது உறுதியான கறுப்பாகிறது.

சிவப்பு பிறக்கும் விதம் இன்னும் வியப்பானது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டுவர். அதற்குத் தனக்கென நிறம் இல்லை. பின்னர் ஓடும் நீரில் அலசி, சாயவேர் அல்லது மஞ்சிட்டி இட்ட கொப்பரையில் துணியைக் கொதிக்க வைப்பர். படிகாரம் பற்றிய இடத்தில் மட்டுமே சிவப்பு நிலைக்கும். மற்ற இடங்களில் ஏறிய சாயம், அலசலிலும் வெயிலிலும் நீங்கிவிடும். சாதகர் இங்குச் சற்று நின்று சிந்திக்கலாம். நாள்தோறும் செய்யும் ஜபம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அது பற்றியதா இல்லையா என்பதைக் கொதிக்கும் கொப்பரைதான் காட்டும்.

பச்சைக்கு இம்மரபில் தனிச் சாயம் கிடையாது. மஞ்சளின் மேல் அவுரி நீலம் ஏறினால் பச்சை தோன்றும். தேவியின் மஞ்சளும் ராமனின் நீலமும் ஒன்றிய இடமே அனுமன் என்று பக்தியுள்ளம் கண்டால் அதில் பிழையில்லை.

கனடாவின் ஒஜிப்வே பழங்குடியினரிடமும் இதற்கு ஒப்பான ஒரு நெறி உண்டு. 2007இல் மறைந்த நார்வல் மோரிசோ என்னும் ஓவியர், கனத்த கறுப்புக் கோட்டுக்குள் ஒளிமிக்க வண்ணங்களை நிரப்பித் தம் முன்னோரின் தெய்வக் கதைகளைத் தீட்டினார். வண்ணம் மனிதரின் நோய் தீர்க்கும் என்பது அவர் நம்பிக்கை. 1970களில் அவருடைய ஓவியங்கள் திரை அச்சில் பல படிகளாக வெளிவந்தன. புனிதக் கதைகளை வெளியாருக்குக் காட்டலாமா என்று அவர் இனத்தாரிலேயே சிலர் வருந்தினர்.

அக்கேள்வி நமக்கும் அந்நியமன்று. இன்று கடைகளில் ‘கலம்காரி’ என்ற பெயரில் விற்பனையாகும் துணிகளில் பல திரை அச்சில் ஆனவை. திரை அச்சு தன்னளவில் குறையுடையதன்று. பலரிடம் ஓவியத்தைக் கொண்டு சேர்ப்பது அதுவே. ஆனால் அங்கே பச்சைக்கென ஆயத்தமாக ஒரு மை உண்டு. மஞ்சளும் நீலமும் சந்திக்க வேண்டிய தேவையில்லை.

1950களில் இக்கலை நலிந்து, அறிந்தோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தபோது, கமலாதேவி சட்டோபாத்யாயரின் முயற்சியால் ஸ்ரீகாளஹஸ்தியில் பயிற்சி நிலையம் தோன்றியது. மறைய இருந்த கைப்பக்குவம் அதனால் அடுத்த தலைமுறையை அடைந்தது. இன்றும் அவ்வூர்க் கலைஞர் ஒவ்வொரு வண்ணம் ஏறிய பின்னும் துணியை நீருக்கு எடுத்துச் சென்று, ஒட்டாத சாயம் போகும்வரை அலசுகின்றனர்.