எண்பதில் ஆடும் வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் பேசும்போது உன் குரலே இறங்கியிருந்தது. அந்த பிக்கப் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது என்றாய். வீல் பேலன்சிங் பண்ணியாயிற்று, அலைன்மென்ட் பார்த்தாயிற்று, முன்னால் இரண்டு டயரும் புதிதாக வாங்க வைத்தாயிற்று. அப்படியும் 70-ஐத் தாண்டினால் ஆடுகிறது. ஓனர் பட்டறை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். இந்த மூன்று முறையில் ஒரு தடவையாவது அந்த வண்டியில் ஏறி ரோட்டில் 80-இல் போனாயா? நீ சொன்னதில் அது வரவே இல்லை. வண்டியை உள்ளே விட்டார்கள், நீ ஜாக்கியைப் போட்டாய். இருமல் என்று வந்தவனின் நெஞ்சில் காதை வைக்காமலே மருந்து எழுதிக் கொடுத்த மாதிரி அது. உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் பத்து வருஷம் அப்படித்தான் வேலை செய்தேன்.

அதிர்வு என்பது ஒரு எண், தம்பி. நொடிக்கு எத்தனை தடவை என்கிற எண். அது தெரிந்துவிட்டால் எந்த உருப்படி ஆடுகிறது என்பது பாதி தெரிந்த மாதிரி. இந்த பிக்கப்புகளில் நிறைய ஓடுகிற 215/75 ஆர்15 டயரை எடுத்துக்கொள். லோடு இறங்கி நசுங்கிய நிலையில் அது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.15 மீட்டர் போகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆக டயர் நொடிக்குப் பத்துத் தடவை சுற்றுகிறது. டயரோ, ரிம்மோ, டிரம்மோ, ஹப்போ, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவதில் ஒரு பக்கம் கனமாக இருந்தால் வண்டி நொடிக்குப் பத்துத் தடவை ஆடும். கிரவுனும் பினியனும் 4.1-க்கு ஒன்று என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் 42 தடவை சுற்றுகிறது. ஷாஃப்ட் கோணினால், ஒடுங்கினால், பேலன்ஸ் போனால் அதிர்வு 42. யூனிவர்சல் ஜாயின்ட், அதாவது யூஜே, அதன் கிராஸ் செய்கிற சேட்டை மட்டும் சுற்றுக்கு இரண்டு தடவை வரும். அதனால் அது 84.

42-ஐ எப்படி எண்ணுவது என்று கேட்பாய். எண்ண வேண்டாம், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார். நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் 750 ஐடிலில் நிற்கும்போது நொடிக்கு 25 தடவை வெடிக்கிறது. அந்த நடுக்கம் உன் கைக்குப் பழகியது. அதைவிட மெதுவாக ஸ்டீயரிங்கைப் பிடித்து உலுக்குகிறதா? சக்கரம். அதைவிடப் பொடியாக, பாதத்துக்கு அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி, கியர் லீவரின் தலையில் சுரசுரவென்று வருகிறதா? ஷாஃப்ட். தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றால் ஒரு உறுமல் கேட்குமே, அது நொடிக்கு 100. காதில் கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு கும்மல் வந்தால் கிராஸையும் ஷாஃப்ட் கோணத்தையும் பார். இப்போது உன் போனிலேயே அதிர்வை ஹெர்ட்ஸில் காட்டுகிற செயலிகள் இருக்கின்றன. டேஷ்போர்டில் இறுக்கமாகப் படுக்க வைத்தால் எண்ணை அதுவே சொல்லிவிடும். நான் பழகிய காலத்தில் இது இல்லை. உனக்கு இருக்கிறது, கூச்சப்படாமல் பயன்படுத்து.

ரோட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஆட்டம் எந்த வேகத்தில் தொடங்குகிறது, எதில் உச்சம், எதில் அடங்குகிறது என்று எழுதிக்கொள். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பார். இன்ஜின் சுற்று ஏறியும் ஆட்டம் அப்படியே இருந்தால் இன்ஜின், கிளட்ச் பக்கம் போகவே வேண்டாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் மாறுகிறதா பார். சக்கரத்தின் ஆட்டம் காலுக்கு மாறாது, கிராஸும் பினியனும் மாறும். ரோடு நேராக, முன்னும் பின்னும் காலியாக இருந்தால் நியூட்ரலில் சிறிது தூரம் உருளவிடு. இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதே. ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் அதை நம்பித்தான் இருக்கின்றன. பிரேக்கை மிதித்தால் மட்டும் ஆடுகிறது என்றால் அது வேறு கதை. டிஸ்க்கையும் டிரம்மையும் பார்த்தால் முடிந்தது.

டிரைவர்தான் உன் முதல் சாட்சி. அவரிடம் "என்ன ரிப்பேர்?" என்று கேட்டால் யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்வார். "எப்ப வருது, எங்க தெரியுது, எப்ப வரல?" என்று கேள். மூன்றாவது கேள்விதான் பெரிய கேள்வி.

நாமக்கல்லில் முட்டை ஏற்றுகிற ஒரு பிக்கப் என்னிடம் வந்தது. ஓனர் சொன்னார், வண்டியில் ஒன்றுமே இல்லை, டிரைவர்தான் சாக்குச் சொல்கிறான் என்று. அவர் லோடோடு கேரளா வரை கூடப் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு டிரேயில் ஒரு முட்டை கீறல் விடவில்லை. டிரைவர் ஒதுங்கி நின்றவர், ஓனர் டீ குடிக்கப் போனதும் பக்கத்தில் வந்தார். "லோடோட போறப்ப வண்டி தொட்டிலாட்டம் போகுதுங்ணா. எறக்கிப்போட்டு காலியா வர்றப்பதான் சீட்டுக்கு அடியில குமுறுது. வூட்டுக்கு வந்து படுத்தாலும் இடுப்புல அந்த அதிர்வு நிக்க மாட்டேங்குது." இரண்டு பேர் சொன்னதும் உண்மை. லோடு இருந்தால் இல்லை, காலியாக வந்தால் இருக்கிறது. அந்த ஒரே வாக்கியத்தில் டயரும் ரிம்மும் கணக்கிலிருந்து போய்விட்டன. பேலன்ஸ் போன சக்கரம் காலி வண்டி, லோடு வண்டி என்று பார்க்காது.

அடியில் படுத்துப் பார்த்தால் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தார்கள். பாரம் தாங்க வேண்டும் என்று எல்லோரும் செய்கிற வேலைதான். காலியாக இருக்கும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஷாஃப்ட் அதிகமாகச் சாய்கிறது, கிராஸ் கூடுதலாக மடங்குகிறது. கோணம் அளந்தேன். சென்டர் பேரிங் பக்கத்து ஜாயின்ட்டில் ஆறரை டிகிரி, பினியன் பக்கத்தில் நாலு. இரண்டும் சமமாக இல்லை என்பதுதான் வினை.

இது ஏன் என்று உனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். யூஜே வழியாகச் சாய்வாகச் சுற்றை அனுப்பினால், உள்ளே ஒரே சீராகச் சுற்றினாலும் வெளியே சீராக வராது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடும், இரண்டு தடவை குறையும். 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் இந்த ஜாயின்ட்டை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பத்து டிகிரி மடங்கினால் வேகம் ஒன்றரை சதவீதம் ஏறி இறங்கும். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் அவ்வளவு கனமான இரும்புக் குழாயை நொடிக்கு 84 தடவை அவசரப்படுத்தி இழுத்துப் பிடிப்பதாக நினைத்துப் பார். இரண்டாவது ஜாயின்ட் இருப்பதே முதல் ஜாயின்ட் செய்ததைச் சரிக்கட்டத்தான். இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும், இரண்டு யோக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிரவுனுக்குச் சீரான சுற்று போய்ச் சேரும். பொதுவாக மூன்று டிகிரிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதற்காகச் சுழியம் ஆக்கிவிடாதே. கொஞ்சமாவது மடங்கினால்தான் கிராஸின் ஊசி ரோலர்கள் உருளும். உருளாமல் ஒரே இடத்தில் நின்றால் அங்கேயே பள்ளம் விழும்.

அந்த முட்டை வண்டிக்கு ஒரு பட்டையைக் கழற்றினேன். ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் சரிவான ஆப்புத் தகடு வைத்துப் பினியன் மூக்கைத் திருப்பினேன். ஆப்பை மாற்றி வைத்தால் கோணம் இன்னும் கெட்டுப்போகும். அதனால் காலியாக ஒரு தடவை, லோடோடு ஒரு தடவை அளந்து பார்த்த பிறகுதான் போல்ட்டை முடிவாக இறுக்கினேன். அந்த டிரைவர் அடுத்த வாரம் ஒரு டிரே முட்டையோடு வந்து நின்றார். 30 முட்டையையும் பட்டறைப் பிள்ளைகள் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டார்கள்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். தனியாகப் பட்டறை போட்ட புதிதில் ஒரு காய்கறி வியாபாரியின் வண்டிக்குக் கிராஸ் மாற்றினேன். ஸ்லிப் ஜாயின்ட்டை உருவி, துடைத்து, கிரீஸ் வைத்து மறுபடி சொருகினேன். மறுநாளே ஆடுகிறது என்று வந்தார். டயரைப் பாருங்கள் என்று அனுப்பினேன். பேலன்சிங் செய்தார், டயர் மாற்றினார், ஷாக் அப்சார்பர் மாற்றினார். நாலு மாதம் கழித்து சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்து வண்டி என் வாசலுக்கே வந்தது. ஷாஃப்ட்டைக் கழற்றி மண்ணெண்ணெய் துணியால் துடைத்தேன். கிரீஸுக்கு அடியில் இரண்டு அம்புக்குறி தெரிந்தன. குழாயில் ஒன்று, யோக்கில் ஒன்று. அவை நேருக்கு நேர் நிற்க வேண்டியவை. ஒரு பல் தள்ளி நின்றன. நான் சொருகிய அந்தக் காலையிலிருந்து அப்படியேதான் நின்றிருக்கின்றன. அந்த மனிதர் அதுவரை செலவழித்ததெல்லாம் என் ஒரு பல்லுக்காக. அவரிடம் உண்மையைச் சொன்னேன், பேரிங்குக்கும் கூலிக்கும் காசு வாங்கவில்லை. டயர் காசை அவர் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அன்றிலிருந்து சென்டர் பஞ்ச் இல்லாமல் நான் ஷாஃப்ட்டைத் தொட்டதில்லை. கம்பெனி போட்ட அம்புக்குறி இருந்தாலும் சரி, நீயும் ஒரு புள்ளி குத்து. ஃபிளாஞ்சிலும் குத்து.

இப்போது உன் வண்டி. சக்கரத்தில் பிழை என்றே வைத்துக்கொள்வோம். பேலன்சிங் எந்திரம் சுழியம் காட்டிவிட்டது என்பதால் சக்கரம் சரியென்று ஆகிவிடாது. ரிம் கோணியிருந்தாலும், டயர் முட்டை வடிவத்தில் இருந்தாலும் வெயிட் வைத்துக் கணக்கைச் சரிசெய்துவிடலாம். ரோட்டில் அது குதிக்கத்தான் செய்யும். ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, ஒரு சாக்பீஸை அசையாமல் ஓரமாகப் பிடி. சுற்று முழுக்கக் கோடு விழுந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் மேடு அங்கே. டயல் கேஜ் இருந்தால் அளவும் தெரியும். டயர் பட்டன் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் ஓட்டிப் பார். ஒரு இடத்தில் வீக்கம் தட்டுப்பட்டால் உள்ளே பெல்ட் பிரிந்திருக்கிறது. அந்த டயரை அன்றைக்கே கழற்றிவிடு, அது எந்த நேரமும் வெடிக்கும்.

ரிம்மின் உள்பக்கமும் பார். வயல், செங்கல் சூளை என்று போகிற வண்டிகளில் சேறு உள்ளே காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். 30 கிராம் மண் ரிம் ஓரத்தில் ஒரு பக்கம் இருந்தால் 80 வேகத்தில் இரண்டரை கிலோ கனத்தால் இழுக்கும், அதுவும் நொடிக்குப் பத்துத் தடவை. 40-இல் அதில் கால்பங்குதான் இருக்கும். ஊருக்குள் ஓட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியது ஏன் பலிக்கவில்லை என்று இப்போது தெரிகிறதா? இன்னொன்றும் உண்டு. சில ஆட்டம் ஒரு வேகத்தில் வந்து, அதைத் தாண்டினால் அடங்கிவிடும். கார்க்காரர் தாண்டிப் போய்விடுவார். 80-இல் கவர்னர் பிடித்துக்கொள்கிற சரக்கு வண்டியின் டிரைவர் எங்கே போவார்? ராத்திரி முழுக்க அந்த ஆட்டத்துக்குள்ளேயேதான் உட்கார்ந்திருப்பார். ஓனர் போட்ட சத்தத்தை மனதில் வைத்துக்கொள்ளாதே. அந்த டிரைவரின் இடுப்பை நினைத்துக்கொள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஸ்டாண்டில் நிறுத்தி இன்ஜினைப் போட்டு, கியரில் ஷாஃப்ட்டைச் சுற்றவிட்டு அடியில் படுத்துப் பார்க்கிற பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. நீ செய்யாதே. லுங்கி நுனி ஒன்று மாட்டினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், ரோட்டில் லாரிகள் சேர்வதற்கு முன், டிரைவரையே ஓட்டச் சொல்லி நீ பக்கத்து சீட்டில் உட்கார். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள். தொடங்கும் வேகம், உச்ச வேகம், போன் காட்டுகிற ஹெர்ட்ஸ் மூன்றையும் எழுது. காலியாக ஒரு நடை, லோடு ஏற்றி ஒரு நடை. பிறகு முன்சக்கரம் இரண்டையும் பின்னாலும் பின்சக்கரம் இரண்டையும் முன்னாலும் மாற்றி இன்னொரு நடை போ. சீட்டில் தெரிந்தது ஸ்டீயரிங்குக்கு வருகிறதா என்று பார். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு சுற்றாக இறுக்கு. ஹப் முகத்தில் துரு இருந்தால் தேய்த்துவிட்டு மாட்டு. ஷாஃப்ட்டை இப்போதைக்குக் கழற்றாதே. மேலே படிந்த மண்ணைச் சுரண்டி, அம்புக்குறி எங்கே என்று மட்டும் பார்த்து வை.

பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்