நஞ்சின் பருமனும் நச்சுமுறியும்

படுவான்கரை வட்டைகளில் இராக்காவல் இருந்தோர் பாம்பை அறியாதாரல்லர். வாடித் தரையில் உறங்குவோனைக் கட்டுவிரியன் தீண்டுதலும், வரம்பில் நடப்போனைக் கண்ணாடி விரியன் தீண்டுதலும் பழுகாமத்து நாம் கேட்டு வளர்ந்த செய்திகள். தமிழாசிரியனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்பார்க்கு இதுவே விடை.

நம் மருத்துவமனைகளில் வழங்கிவரும் நச்சுமுறி இந்தியாவிலிருந்து வருவது. 1978ஆம் ஆண்டிற் சென்னைக்கு அண்மையில் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் நஞ்சு, அதனைச் செய்வோர்க்குப் பயன்படுகின்றது. நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றுவர். புகுந்த அயற்பொருள் உடலெதிரியாக்கி எனப்படும். அதனைப் பற்றுதற்குக் குதிரையின் உடல் ஆக்கும் புரதமே பிறபொருளெதிரி. இதற்குக் கைகள் இரண்டு. இரு கையாலும் இரு மூலக்கூறுகளைப் பற்ற, அவை வலைபோற் பின்னி வீழ்படிவாய் அடியிற் படியும்.

இவ்வீழ்படிவை நிறுத்தளக்கும் முறையை 1929ஆம் ஆண்டு தொடக்கம் நியூயோர்க்கில் வகுத்தவர் ஐடெல்பேர்கரும் கெண்டலும் ஆவர். பிறபொருளெதிரி மிகுந்துள்ள வீழ்படிவில், 45,000 மூலக்கூற்று நிறையுள்ள முட்டை வெண்புரதம் ஒன்றை ஏறத்தாழ 5 பிறபொருளெதிரிகள் பற்றுகின்றன. 6,60,000 நிறையுள்ள தைரோகுளோபுலினையோ ஏறத்தாழ 40 பற்றுகின்றன. நிறை 15 மடங்கு. பற்றுவன 8 மடங்கே! பனங்கட்டியை எண்ணிப் பாருங்கள். பெருங்கட்டியில் எறும்பு மிகுதிதான். ஆயின் அதனையே உடைத்துச் சிதறினால் மொய்ப்பவை இன்னும் பல. எறும்புக்கு இடம் மேற்பரப்பிலன்றி உள்ளே இல்லையன்றோ? ஆகவே, நிறைக்கு நிறை நோக்கின், சிறிய மூலக்கூறே மிகுந்த பிறபொருளெதிரியை வேண்டி நிற்கும்.

நாகத்தின் நரம்பு நஞ்சு 7,000 நிறையளவினது. நச்சுமுறியிலுள்ள பிறபொருளெதிரித் துண்டோ ஏறத்தாழ 1,10,000. அதன் இரு கையும் நிறைந்தாலும், 1 மில்லிகிராம் நஞ்சைப் பற்ற 8 மில்லிகிராம் வேண்டும். இத்துணைச் சிறிய பொருளைக் குதிரையின் உடலும் எளிதில் அயலென உணர்வதில்லை. எனவே நச்சுமுறியில் அதற்கெதிரான பங்கு குறைவாதலும் உண்டு. சிறு நஞ்சில் வலை பின்ன இடம் போதாமையால் வீழ்படிவும் குன்றும்; எனினும் வீழ்படிவு தோன்றாமையால் நஞ்சு முறியவில்லை எனக் கொள்ளற்க. நஞ்சின் வினைபுரியும் பக்கத்தை ஒரு கை மறைத்தாலே போதும்.

மறைப்பதும் உரிய காலத்தில் நிகழவேண்டும். கட்டுவிரியன் நஞ்சு நரம்பு நுனியைச் சிதைத்தபின் எத்துணை நச்சுமுறி ஏற்றினும் சிதைந்தது உடனே மீளாது. மூச்சுப்பொறியின் துணையோடு நாட்கணக்கிற் காத்திருத்தலே வழி.