முகாமில் பிறந்தவள் எந்த நாட்டவள்?

பத்தாம் வகுப்பு மாணவி, காணை

முன்னுரை

சென்ற ஆண்டு விழுப்புரத்தில் நடந்த பேச்சுப் போட்டியில் என் அருகில் ஒரு மாணவி அமர்ந்திருந்தாள். "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். "கீழ்ப்புத்துப்பட்டு முகாம்" என்றாள். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர் அது. "அப்படியானால் நீ இலங்கையா?" என்றேன். "நான் இலங்கையைப் பார்த்ததே இல்லை. எங்கள் அம்மம்மாதான் அங்கிருந்து வந்தவர். அம்மாவும் நானும் இங்கேதான் பிறந்தோம்" என்றாள். "அப்போ நீ இந்தியாதானே?" என்றேன். "அதுவும் இல்லையாம்" என்று சிரித்தாள். அச்சிரிப்பின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. குடிமையியல் பாடம் படித்த பின்னரே விளங்கிற்று. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வந்த வரலாறு

1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் இலங்கையில் தமிழருக்கு எதிராகப் பெருங்கலவரம் மூண்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மக்கள் படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்தனர். போர் மூளும்போதெல்லாம் வந்தவர்களைக் கூட்டினால் மூன்று இலட்சத்துக்கு மேலாகும். பலர் திரும்பிச் சென்றனர். பலர் இங்கேயே தங்கிவிட்டனர். மண்டபம், கும்மிடிப்பூண்டி எனத் தமிழகமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் உள்ளன.

அதிகாரம் யாரிடம்?

நமது அரசியலமைப்புச் சட்டம் அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்துள்ளது. குடியுரிமையும் அயல்நாட்டார் பற்றிய செய்தியும் மத்திய அரசுப் பட்டியலில் 17ஆவது இனமாக உள்ளன. எனவே யார் இந்தியர், யார் அயலார் என்று சொல்ல வேண்டியது டெல்லிதான்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இவ்விதி மேலும் இறுகிற்று. ஒரு முகாம் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். 1986இல் அங்குப் பிறந்த பெரியம்மா இந்தியர். 1990இல் அதே வீட்டில் பிறந்த அம்மா இந்தியர் அல்லர். அப்பாவும் அம்மாவைப் போன்றவரே என்றால், மகளும் இந்தியர் அல்லள். தோழியின் சிரிப்பின் பொருள் இதுதான்.

2019இல் நாடாளுமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றிற்று. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தாருக்கு அது வழி திறந்தது. முஸ்லிம்கள் அதில் இல்லை. இலங்கையும் அதில் இல்லை.

மாநில அரசு செய்தது

டெல்லியின் சட்டத்தை மாற்ற மாநிலத்தால் இயலாது. ஆயினும் அது சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதும், குடும்பத் தலைவரின் மாத உதவித் தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்துவதும் அதில் அடங்கும். 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாறிற்று. 2021 செப்டம்பர் 8 அன்று, திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிற்று. பாரதிய ஜனதா உறுப்பினர்கள் எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர்.

எங்கள் வகுப்பில் நடந்த விவாதம்

'மத்திய அரசின் சட்டத்தை மாநிலம் எதிர்க்கலாமா?' என்று எங்கள் வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து பேசினோம்.

"கூடாது" என்ற அணியினர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எல்லையைக் காப்பது நாடு முழுவதற்கும் பொதுவான வேலை. மாநிலத்துக்கு ஒரு சட்டம் என்றால் நாடு என்னாவது? தீர்மானத்தால் ஒருவருக்கேனும் குடியுரிமை கிடைத்ததா? இப்படிக் கேட்டனர்.

"எதிர்க்கலாம்" என்ற அணித் தோழி அமெரிக்காவை எடுத்துக்காட்டினாள். 1980களில் எல் சால்வடார், குவாத்தமாலா நாட்டுப் போர்களுக்குத் தப்பி மக்கள் அங்கு ஓடிவந்தனர். சான் பிரான்சிஸ்கோ நகரம் 1989இல், தன் ஊழியர்கள் மத்திய குடியேற்றத் துறையின் வேலைக்குத் துணைபோகலாகாது என்று சட்டம் இயற்றிற்று. நம் நாட்டில் அவ்வாறு விலகி நிற்பது கடினம். ஏனெனில் அயல்நாட்டார் சட்டத்தின் அதிகாரங்களில் சிலவற்றை மத்திய அரசே 1958இல் மாநிலங்களிடம் ஒப்படைத்துவிட்டது. முகாமில் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பவரும் நம் வருவாய்த்துறை ஊழியரே. வீடு கட்டிக் கொடுப்பதும் நம் மாநில அரசே. "தினமும் அவர்கள் முகத்தைப் பார்ப்பவர்களுக்கு அவர்களுக்காகப் பேசவும் உரிமை உண்டு" என்று அவள் முடித்தபோது வகுப்பே கைதட்டியது.

பேசியது வீண் போகவில்லை என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்களித்தது. இனி அவர்கள் 'ஆவணமின்றி வந்தவர்' என்ற அச்சமின்றி உறங்கலாம். ஆனால் விலக்கு வேறு, குடியுரிமை வேறு.

முடிவுரை

மாநிலம் கூரை தரலாம், அரிசி தரலாம், நல்ல பெயரும் தரலாம். நாட்டைத் தர அதனால் ஆகாது. அதற்குரிய கதவு டெல்லியில் இருக்கிறது. அக்கதவைத் தட்டத் தெரியாதவர்களுக்காக நாம் தட்டலாம் அல்லவா? இன்னும் மூன்றாண்டுகளில் எனக்கு வாக்குரிமை வந்துவிடும். அன்றும் அத்தோழிக்கு வராது. அப்போட்டியில் தலைப்பு என்ன தெரியுமா? 'என் தாய்நாடு'. முதற் பரிசு பெற்றவள் அவள்தான்.