சட்டம் வாசிக்கும் கணினி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சட்ட உரையிலிருந்து அறிவைப் பிரித்தெடுப்பது என்பது, யார், எதை, எந்த நிபந்தனையில், எதுவரை செய்யலாம் அல்லது செய்யக்கூடாது என்று வாக்கியங்களைப் பிரித்து, கணினி தேடிப் பார்க்கும்படி அட்டவணையாக்குவது. சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகள் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம், 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள், சுற்றுச்சூழல் விதிகள், உச்ச நீதிமன்ற ஆணைகள் ஆகிய அனைத்துக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்பட்டவை. அதனால் இந்தத் தொழில்நுட்பத்தின் பலமும் குறையும் இங்கே தெளிவாகத் தெரிகின்றன.

நம்பிக்கை: சொல்லைத் தேடினால் சட்டம் கிடைத்துவிடும்.

உண்மை: பட்டாசு தொடர்பான அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 23 அக்டோபர் 2018 அன்று தந்த தீர்ப்பில், பட்டாசு வேதிப்பொருளான 'பேரியம்' என்று தேடினால், மனுதாரர் வாதம், எதிர்வாதம், நிபுணர் கருத்து, நீதிமன்றக் கட்டளை எல்லாம் கலந்து வந்து நிற்கும். ஆலையைக் கட்டுப்படுத்துவது கடைசியில் உள்ள கட்டளை மட்டுமே. அதனால் வாக்கியம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் பிரித்தாக வேண்டும். கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் இதற்காகவே தீர்ப்பு வாக்கியங்களை வழக்கின் நிகழ்வுகள், வாதம், முன்தீர்ப்பு, முடிவு என்பன உள்ளிட்ட 7 வகைகளாகப் பிரித்துக் கணினிக்குப் பயிற்சி அளித்தனர்.

நம்பிக்கை: ஓர் ஆவணத்தைச் சரியாகப் படித்தால் விதி கையில் வந்துவிடும்.

உண்மை: மிகப் பெரிய ஆபத்து இதில்தான் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு ஒலி வரம்பு விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் அளவைத் தாண்டும் பட்டாசைத் தடை செய்கிறது. சரவெடியானால், அதிலுள்ள ஒவ்வொரு வெடிக்கும் அந்த வரம்பு 5 லாக் N அளவு குறையும்; N என்பது சரத்திலுள்ள வெடிகளின் எண்ணிக்கை. நூறு வெடிச் சரத்துக்கு 10 டெசிபல் கழித்து 115 என்று கணினி பிழையில்லாமல் கணக்கிட்டுச் சொல்லும். ஆனால் 2018 தீர்ப்பு சரவெடி தயாரிப்பையே தடை செய்துவிட்டது. விதியைச் சரியாகப் பிரித்தெடுத்தும் சொன்ன பதில் தவறு. அதை நம்பி ஒருவர் சரம் பின்னினால் சட்டமீறல் அவர் தலையில் விழும்.

காலமும் இப்படித்தான். அதே தீர்ப்பு தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க இரவு 8 முதல் 10 மணி வரை நேரம் குறித்தது. ஒரே வாரத்தில், 30 அக்டோபர் அன்று, மொத்தம் 2 மணி நேரத்துக்கு மிகாமல் தமிழ்நாடு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் திருத்தியது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என மாநில அரசு நிர்ணயித்தது. எனவே பிரித்தெடுத்த ஒவ்வொரு விதியோடும் எந்தத் தேதி முதல், எந்த மாநிலத்துக்கு, எந்த ஆணையால் மாற்றப்பட்டது என்ற விவரமும் சேர்ந்திருக்க வேண்டும். இவை இல்லாத அட்டவணையை ஆலைக்குக் கொடுக்கவே கூடாது.

நம்பிக்கை: மொழிமாதிரிக்கு ஊர் வழக்கு தானாகவே புரியும்.

உண்மை: ஆலைப் போர்மேன் 'டிஆர்ஓ லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'நாக்பூர் லைசென்ஸ்' என்றே பேசுவார். விதிப்புத்தகத்தில் அந்தப் பெயர்கள் இல்லை. மாவட்ட நடுவர், கட்டுப்பாட்டாளர், தலைமைக் கட்டுப்பாட்டாளர் என்ற பதவிகளே உண்டு. டிஆர்ஓ என்பது மாவட்ட வருவாய் அலுவலர்; நாக்பூர் என்பது வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் தலைமையகம். உரிமம் தந்த அலுவலகத்தைப் பொறுத்து ஆலையில் வைத்திருக்கக்கூடிய வெடிபொருளின் அளவு மாறும். இந்த இணைப்பை ஆள் உட்கார்ந்து அகராதியாக எழுதித் தந்தால்தான் கேள்வி சரியான விதியிடம் போய்ச் சேரும்.

நம்பிக்கை: தீர்ப்பின் தமிழாக்கத்திலிருந்தே எல்லாம் எடுத்துக்கொள்ளலாம்.

உண்மை: உச்ச நீதிமன்றம் 2019-இல் அறிமுகப்படுத்திய சுவாஸ் மென்பொருள் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் தருகிறது. வாசித்துப் புரிந்துகொள்ள அது நல்ல உதவி. சட்ட வலு ஆங்கில மூலத்துக்குத்தான். தமிழில் எதிர்மறை வினையின் கடைசியில் ஒட்டி வருவதும் கவனிக்கத்தக்கது: 'அனுமதிக்கப்படும்', 'அனுமதிக்கப்படாது' இரண்டுக்கும் இடையே ஒரு சிறு விகுதிதான் வேறுபாடு. கணினி தரும் ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் அது எடுக்கப்பட்ட மூல வாக்கியத்தைக் காட்ட வேண்டும். அதைச் சட்டம் தெரிந்த ஒருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே அந்த விதி ஆலையின் அறிவிப்புப் பலகைக்குப் போகலாம்.