நடுக்களத்துக்கு வந்த தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளி அணியில் இத்தனை நாள் ஃபார்வர்டாக ஆடிய உன்னைப் பயிற்சியாளர் மிட்ஃபீல்டுக்கு மாற்றிவிட்டார் என்றும், கோல் அடிக்கிற இடத்திலிருந்து இறக்கிவிட்ட மாதிரி இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். உன் வருத்தம் புரிகிறது. ஆனால் அவர் உன்னை இறக்கவில்லை. ஆட்டத்தையே உன் கையில் கொடுத்திருக்கிறார். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கல்யாண வீட்டில் எல்லார் கண்ணும் மாப்பிள்ளை மேல்தான் இருக்கும். பந்தியை நடத்துகிறவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். பந்தி தடுமாறும்போதுதான் தேடுவார்கள். நடுக்கள ஆட்டக்காரரின் வேலை அப்படிப்பட்டது. பின்வரிசை தடுத்த பந்தை வாங்கி, முன்வரிசைக்கு நல்ல பந்தாகக் கொடுக்க வேண்டும். பந்து பறிபோனால் முதலில் ஓடி மறிக்க வேண்டும். பெரிய ஆட்டங்களில் ஒரு மிட்ஃபீல்டர் 90 நிமிடத்தில் பத்துப் பதினொரு கிலோமீட்டர் ஓடுகிறார். அதில் பந்து அவர் காலில் இருப்பது ஒருசில நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் அவர் செய்வது பார்ப்பதும் இடம் பிடிப்பதும்.

நம் பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவரின் பெயர் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தஞ்சாவூரைச் சேர்ந்த காலியா குலோத்துங்கன். நடுக்களத்தில் ஆடியவர். 2003 ஜூலை 26 அன்று ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் கோப்பை இறுதிப் போட்டியில், தாய்லாந்தின் பெக் டெரோ சசானா அணியை ஈஸ்ட் பெங்கால் 3-1 என்று வென்றது. வெளிநாட்டு மண்ணில் இந்தியக் கிளப் ஒன்று பெற்ற மிகப் பெரிய வெற்றிகளில் அது ஒன்று. அந்த ஈஸ்ட் பெங்கால் அணியில் குலோத்துங்கன் இருந்தார். மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் அணிகளுக்கும் ஆடினார். கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளின் சட்டையையும் காவிரிக்கரைக்காரர் ஒருவர் அணிந்தார் என்பது சாதாரண விஷயம் இல்லை. 2018இல் ஒரு சாலை விபத்தில் அவர் இறந்துபோனார். அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லாமல் போய்விடக் கூடாது என்பதால் முதலில் அவரை எழுதினேன்.

இன்னொருவர் கார்ல்டன் சாப்மன். பெங்களூரில் வளர்ந்து, ஜாம்ஷெட்பூரில் இருக்கும் டாடா ஃபுட்பால் அகாடமியில் பயின்றவர். அவரும் மிட்ஃபீல்டர்தான். 1993இல் ஆசியக் கோப்பை வென்றோர் கோப்பைப் போட்டியில் ஈராக்கின் அல் ஜவ்ரா அணியை ஈஸ்ட் பெங்கால் 6-2 என்று தோற்கடித்தது. அதில் மூன்று கோல் சாப்மனுடையது. நடுவில் நிற்பவன் கோல் அடிக்க மாட்டான் என்று நினைத்துக் கவலைப்படுகிறாயே, அதற்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை. பிறகு பஞ்சாபின் ஜேசிடி அணிக்குப் போனார். 1996-97இல் முதன்முறையாக நடந்த தேசிய கால்பந்து லீக்கை அந்த அணி வென்றது. பைச்சுங் பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் முன்னால் கோல் அடித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சாப்மன் இருந்தார். பின்பு மீண்டும் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்து, அணித்தலைவராக 2000-01 லீக்கை வென்றுகொடுத்த கையோடு 2001இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான்.

அந்த வயதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள். மற்ற வேலைகளில் முப்பது என்பது தொடக்கம். கால்பந்தில் அது ஏறக்குறைய முடிவு. முப்பத்தைந்து வரை ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சாப்மன் தான் பயின்ற டாடா அகாடமிக்கே திரும்பிப் போய்ப் பயிற்சியாளர் ஆனார். பிறகு வேறு அணிகளுக்கும் பயிற்சி கொடுத்தார். 2020 அக்டோபரில், 49ஆம் வயதில் இறக்கும்வரை கால்பந்தை விட்டு அவர் விலகவில்லை.

இப்போது நீ கற்க வேண்டிய முதல் பாடத்துக்கு வருகிறேன். ஸ்பெயின் நாட்டு ஷாவியின் ஆட்டத்தைப் பார். பந்தைப் பார்க்காதே, அவர் தலையைப் பார். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இடமும் வலமும் பின்னாலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். உயரம் ஐந்தடி ஏழங்குலம். பெரிய வேகமும் கிடையாது. ஆனாலும் பார்சிலோனாவுக்காக 767 ஆட்டம் ஆடி, 2010இல் ஸ்பெயினோடு உலகக் கோப்பையும் வென்றார். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். பந்து வரும் முன் அதிகம் சுற்றிப் பார்த்தவர்களின் பாஸ்களே அதிகம் போய்ச் சேர்ந்தன என்று கண்டார். இந்தப் பழக்கத்துக்குப் புல்தரை வேண்டாம், விலையுயர்ந்த பூட்ஸும் வேண்டாம். நம் ஊர்ச் செம்மண் பொட்டலே போதும். சுவரில் பந்தை உதைத்துவிட்டு, அது திரும்பி வருவதற்குள் உன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார். பின்னால் நிற்கும் நண்பன் எத்தனை விரல் காட்டுகிறான் என்று சொல்லிக்கொண்டே பந்தை நிறுத்து. தினமும் செய்.

இரண்டாவது, முழங்கால். நடுவில் ஆடுகிறவன் ஓயாமல் திரும்ப வேண்டியிருக்கிறது. முழங்கால் தசைநார் கிழிவது இப்படித் திரும்பும்போதுதான் அதிகம். வியாசர்பாடியில் வளர்ந்து, சென்னையின் எஃப்சி அணி 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பட்டம் வென்றபோது அதன் நடுக்களத்தில் இருந்த தனபால் கணேஷுக்கு அடுத்த பருவத்தையே முழங்கால் காயம் குலைத்தது. ‘ஃபிஃபா 11+’ என்று ஒரு தயார்ப்பயிற்சி இருக்கிறது. 15 பயிற்சிகள், இருபது நிமிடம் போதும். வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் நன்றாகக் குறைந்தது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உன் பயிற்சியாளரிடம் கேட்டு, அணி முழுவதையும் செய்ய வை. மைதானத்துக்குப் போனவுடன் நேராக கோல் கம்பத்தை நோக்கி உதைக்கும் வழக்கத்தை இன்றோடு விடு.

மூன்றாவது, படிப்பு. இதை அறிவுரையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். ஐஎஸ்எல் அணிகளில் இடம் கிடைப்பவர்கள் சில நூறு பேர், முயல்கிறவர்கள் லட்சக்கணக்கில். ஆனால் ஆட்டத்தைச் சுற்றிப் பல வேலைகள் இருக்கின்றன. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயிலும் காவல்துறையிலும் வங்கிகளிலும் ஆட்டக்காரர்களை எடுத்திருக்கிறார்கள். அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு டி-யில் தொடங்கி சி, பி, ஏ, புரோ என்று பயிற்சியாளர் உரிமங்கள் தருகிறது. நடுவராகலாம், பிசியோதெரபி படிக்கலாம். இவற்றில் எதற்கும் சான்றிதழ் வேண்டும். தேர்வு எழுத வேண்டும். களத்தில் பந்து வரும் முன்பே பார்க்கச் சொன்னேன் அல்லவா, முப்பது வயதைப் பற்றியும் அப்படித்தான் இப்போதே பார்க்கச் சொல்கிறேன். ஷாவி அதைச் செய்தார். 2019இல் கத்தாரின் அல் சத் அணியில் ஆட்டத்தை முடித்தவர், உடனே அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அங்கிருந்து பார்சிலோனாவுக்கே பயிற்சியாளராகத் திரும்பி, 2022-23 லா லிகா பட்டத்தையும் வென்றார்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒரு முன்மாதிரி இருக்கிறார். கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பிறகு அந்தப் பதக்கத்தை அவரிடமிருந்து பறித்தார்கள். அதற்குப் பின்னும் அவர் ஓடுதளத்துக்கே திரும்பி வந்து, பயிற்சியாளராகப் பிள்ளைகளை ஓட வைத்தார். வசதி குறைந்த வீட்டிலிருந்து வந்தவர் அவர். நம் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கும், எல்லாம் பறிபோன பிறகும் விளையாட்டில் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதற்கும் அவரே சாட்சி.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு ஆண்டுதோறும் தேர்வு நடக்கிறது. தங்கும் இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே கிடைக்கும். புதுக்கோட்டையில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு போய், அடுத்த தேர்வு எப்போது, என்ன சான்றிதழ்கள் வேண்டும் என்று விசாரித்து வா. விண்ணப்பத்தில் எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்டால், தயங்காமல் மிட்ஃபீல்டர் என்று எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்