புளூடூத் 5.3 உதட்டசைவைச் சரிசெய்யாது

"5.3 வாங்கிப் போடுங்க சார், லேக்கே இருக்காது." ரிச்சி தெருக் கடைக்காரர் இதைச் சொல்கிறார். யூடியூபில் பெட்டி பிரித்துக் காட்டுகிறவர் சொல்கிறார். சுவரில் டிவி மாட்ட வருகிற மெக்கானிக்கும் சொல்லிவிட்டுப் போகிறார். அதை நம்பி டிவியில் மாட்டும் புளூடூத் டிரான்ஸ்மிட்டரை வாங்கியவர்கள், வீட்டில் மற்றவர்கள் தூக்கம் கெடாமல் ராத்திரி ஹெட்ஃபோனில் படம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், கதாநாயகன் வாயை மூடிய பிறகு வசனம் வருகிறது. உடனே டிரான்ஸ்மிட்டரை மாற்றுகிறார்கள். அப்புறம் ஹெட்ஃபோனை மாற்றுகிறார்கள். டப்பிங், மிக்சிங் என்று வசனத்தை உதட்டோடு சேர்த்துவைப்பதே என் பிழைப்பு என்பதால் புகார் என்னிடம் வந்து சேர்கிறது. அட்டைப்பெட்டியில் அச்சடித்த அந்த எண்ணுக்கும் உங்கள் காதில் விழும் தாமதத்துக்கும் தொடர்பு கிடையாது. எத்தனை பேரிடம் சொன்னாலும் வதந்தி ஓயவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

புளூடூத் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வானொலி முறைகள் இருக்கின்றன. ஒன்று ஆரம்பத்திலிருந்தே உள்ள கிளாசிக். இன்னொன்று 2010இல் 4.0 பதிப்போடு வந்த லோ எனர்ஜி. இது கைக்கடிகாரம், ரத்த அழுத்தக் கருவி போலத் துளித்துளியாகத் தகவல் அனுப்பும் பொருள்களுக்காக வந்தது. 2016இல் 5.0 பதிப்பை அறிவித்தபோது 'இரண்டு மடங்கு வேகம், நான்கு மடங்கு தூரம்' என்று விளம்பரம் செய்தார்களே, அது முழுக்க லோ எனர்ஜிக்கு. கடையில் கிடைக்கும் சாதாரண டிரான்ஸ்மிட்டரும் ஹெட்ஃபோனும் பாட்டையும் வசனத்தையும் பரிமாறிக்கொள்வது கிளாசிக் வழியாக, ஏ2டிபி என்ற நெறிமுறையில். அந்த நெறிமுறை 2003இல் வந்தது. அந்தப் பாதையின் வானொலி வேகம் கடைசியாகக் கூடியது 2004இல், 2.0 பதிப்பில். 5.1, 5.2, 5.3 எதுவும் அதைக் கூட்டவில்லை. ஆகவே 'பழைய 4.2வைத் தூக்கிப் போடு, 5.3 வாங்கு' என்று சொல்கிறவர் உங்கள் பணத்தைத்தான் தூக்கிப் போடச் சொல்கிறார்.

பிறகு தாமதம் எங்கே பிறக்கிறது? டிவியிலிருந்து வரும் ஒலியை டிரான்ஸ்மிட்டர் துண்டு துண்டாக நறுக்கி, சுருக்கி, பொட்டலம் கட்டி அனுப்புகிறது. காற்றில் அது பயணம் செய்கிற நேரம் கணக்கில் வராத அளவுக்குக் குறைவு. ஆனால் வாங்கிக்கொள்ளும் ஹெட்ஃபோன் அதை உடனே ஒலிக்கவிடுவதில்லை. வைஃபை ரவுட்டர், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் புழங்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சில பொட்டலங்கள் தொலைந்துபோகும். மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் காதில் சத்தம் அறுந்துவிடக் கூடாது என்று, கொஞ்சம் ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொள்கிறது. கார்ப்பரேஷன் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் குழாய் நிற்காமல் ஓட மாடியில் தொட்டி கட்டுகிறோமே, அந்த வேலை. தொட்டி பெரிதென்றால் ஒலி அறுபடாது, ஆனால் காத்திருப்பு கூடும். தொட்டி எவ்வளவு பெரிது என்பதை முடிவுசெய்வது ஹெட்ஃபோன் செய்த கம்பெனி. ஒலியைச் சுருக்கும் விதத்தை முடிவுசெய்வது கோடெக்.

எல்லா ஏ2டிபி ஹெட்ஃபோனிலும் கட்டாயமாக இருக்கும் கோடெக் எஸ்பிசி. அதில் மொத்தத் தாமதம் பெரும்பாலும் 150 முதல் 250 மில்லி விநாடி வரை போகும். ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்ற கோடெக் அதை 40க்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. அதற்கு டிரான்ஸ்மிட்டர், ஹெட்ஃபோன் இரண்டிலும் அதே கோடெக் இருந்தாக வேண்டும். ஒன்றில் இல்லையென்றால் இரண்டும் பேசாமல் எஸ்பிசிக்கு இறங்கிவிடும். திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. 'லோ லேட்டன்சி' என்று கொட்டை எழுத்தில் போட்ட டிரான்ஸ்மிட்டரை வாங்கி, அந்தக் கோடெக் இல்லாத ஹெட்ஃபோனோடு சேர்த்துவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய. இப்போது வரும் ஹெட்ஃபோன்களில் பெரும்பாலானவற்றில் அது இல்லை என்பதையும் கடைக்காரர் சொல்வதில்லை.

'கால் விநாடிதானே, பெரிய விஷயமா?' என்று கேட்கிறார்கள். என் துறையில் அது மன்னிக்க முடியாத பிழை. நம் டிவியில் விநாடிக்கு 25 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் 40 மில்லி விநாடி. 200 மில்லி விநாடி தாமதம் என்றால் ஐந்து ஃப்ரேம். 'அம்மா' என்று ஒரு நடிகை சொல்லும்போது இரண்டு உதடும் ஒட்டும் இடத்தில் மகர ஒலி விழுந்தாக வேண்டும். இரண்டு ஃப்ரேம் தள்ளி விழுந்தாலே டப்பிங் தியேட்டரில் 'சிங்க் இல்லை, ஒன் மோர்' என்று மறுபடி பேசவைப்போம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரை, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலும் 125 மில்லி விநாடி பிந்தினாலும் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்கிறது. பிந்துவதை நாம் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்வது இயல்புதான். ஒளியைவிட ஒலி மெதுவாக வருவது நமக்குப் பழகிய உலகம். ஆனால் 200 மில்லி விநாடியில் ஒலி கிட்டத்தட்ட 70 மீட்டர் கடந்துவிடும். முன்னால் பத்தடியில் தெரிகிற முகம் 70 மீட்டர் தள்ளி நின்று பேசினால் மூளை எப்படி ஒப்புக்கொள்ளும்?

இங்கேதான் அடுத்த வாதம் கிளம்பும். 'இதே ஹெட்ஃபோனில் செல்போனில் படம் பார்த்தால் சரியாக இருக்கிறதே, அப்படியென்றால் டிரான்ஸ்மிட்டர்தானே கோளாறு?' இல்லை. செல்போனிலும் தாமதம் இருக்கிறது. ஹெட்ஃபோன் தன் தாமதத்தைப் போனுக்குச் சொல்லிவிடுகிறது, போன் படத்தை அந்த அளவுக்கு நிறுத்திவைத்துக் காட்டுகிறது. டிவியின் ஹெட்ஃபோன் துளையில் ஒயர் மூலம் செருகிய டிரான்ஸ்மிட்டருக்கு அந்த வசதி கிடையாது. டிவியைப் பொறுத்தவரை அங்கே ஒரு ஒயர் ஹெட்ஃபோன் இருக்கிறது, அவ்வளவுதான். படத்தை நிறுத்திவைக்க அதற்குக் காரணமே தெரியாது.

படமும் ஒலியும் ஒன்றுக்கொன்று நேரம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது சினிமாக்காரர்களுக்குப் பழைய பாடம். 1993இல் 'ஜுராசிக் பார்க்' டிடிஎஸ் ஒலியில் வந்தபோது, ஒலி ஃபிலிமில் இல்லை, தனியாக சிடியில் இருந்தது. ஃபிலிம் ஓரத்தில் அச்சிட்ட நேரக்குறியைப் படித்து சிடி அதற்கேற்ப ஓடியது. ஃபிலிம் அறுந்து ஒட்டினாலும் ஒலி சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த சிடியில் ஒலியைச் சுருக்கப் பயன்பட்டதும் ஆப்ட்எக்ஸ் குடும்பத்துக் கோடெக்தான். முப்பது வருடத்துக்கு முன்பே தியேட்டரில் இருந்த அந்த நேரக்குறி, உங்கள் டிவிக்கும் வெளியே தொங்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் இடையில் இல்லை.

டிவி மெனுவில் 'ஆடியோ டிலே' இருக்கிறதே என்று அதை ஏற்றிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான டிவிகளில் அது ஒலியை இன்னும் பின்தள்ளும். ஏற்கெனவே பிந்திய ஒலியை அது முன்னால் கொண்டுவராது. அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். பென் டிரைவிலோ கணினியிலோ உள்ள படத்தை விஎல்சி, கோடி போன்ற செயலியில் பார்த்தால் ஒலியை முன்னால் நகர்த்தும் வசதி உண்டு. அங்கே பிரச்சினை உண்மையிலேயே தீரும். ஹெட்ஃபோனில் 'கேமிங் மோட்' இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். தொட்டியைச் சிறிதாக்குவதுதான் அதன் வேலை. புதிதாக வாங்குவதென்றால் டிரான்ஸ்மிட்டரும் ஹெட்ஃபோனும் ஜோடியாக ஒரே பெட்டியில் வரும் டிவி ஹெட்ஃபோன் வாங்குங்கள். புளூடூத் இல்லாமல் தனி வானொலி இணைப்பில் இயங்கும் ரகங்களில் தாமதம் உணரும்படி இருக்காது.

'5.2இல் எல்இ ஆடியோ வந்துவிட்டதே' என்று படித்தவர்கள் மடக்குவார்கள். லோ எனர்ஜி வழியாகவே ஒலியை அனுப்பும் அந்த முறை வந்தது உண்மை. எல்சி3 என்ற புதிய கோடெக், தாமதம் குறைவு, ஒரே டிவியிலிருந்து பலர் கேட்கும் ஆராகாஸ்ட், எல்லாமே நல்லவை. ஆனால் 5.2, 5.3 என்று போட்ட பொருளில் எல்இ ஆடியோ இருந்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை. பெட்டியில் 'எல்இ ஆடியோ' என்ற பெயரையே தேடுங்கள், அதுவும் இரண்டு பெட்டியிலும்.

மற்ற நம்பிக்கைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

விலை கூடிய ஹெட்ஃபோனில் தாமதம் இருக்காது என்பது தவறு. ஏர்பாட்ஸ் போன்ற விலையுயர்ந்தவைகூட ஒயரில் மாட்டிய டிரான்ஸ்மிட்டரோடு சேரும்போது ஏஏசி, எஸ்பிசி கோடெக் அளவில்தான் நிற்கும்.

டிவியின் யு.எஸ்.பி. துளையில் செருகினால் போதும் என்பதும் தவறு. பெரும்பாலான டிவிகளில் அந்தத் துளை டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் மட்டுமே தரும். ஒலி வர 3.5 மி.மீ. ஒயரோ ஆப்டிகல் ஒயரோ வேண்டும். காரில் மாட்டும் 'புளூடூத் ஆக்ஸ்' ஒலியை வாங்கும் கருவி, அனுப்பத் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் கடையிலேயே குழப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆப்டிகலில் போட்டால் சத்தமே வரவில்லை, கருவி கெட்டுவிட்டது என்பார்கள். கெடவில்லை. டிவி டால்பி வடிவில் அனுப்புகிறது, பல டிரான்ஸ்மிட்டர்களுக்கு அது புரியாது. ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை பிசிஎம் என்று மாற்றுங்கள்.

புளூடூத் கதிர்வீச்சு மூளையைப் பாதிக்கும் என்ற பயத்துக்கு இதோ கணக்கு: வீட்டு ஹெட்ஃபோன்கள் பெரும்பாலும் சேர்ந்த கிளாஸ் 2 ரகத்தின் உச்ச வரம்பு 2.5 மில்லி வாட். காதில் வைத்துப் பேசும் 4ஜி போனின் உச்சம் 200 மில்லி வாட். பயப்பட வேண்டியது ஒலியளவுக்கு. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. அதற்கு மேல் ஏற்ற ஏற்ற, கேட்கலாம் என்று சொல்லும் நேரம் வேகமாகக் குறைந்துகொண்டே போகும்.

டிவிக்கு ஹெட்ஃபோன் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் மற்றவர்கள் தூக்கத்துக்காக வருவதில்லை. வீட்டுப் பெரியவருக்கு வசனம் புரியவில்லை என்பதுதான் காரணம். வயதானால் முதலில் போவது உயர்ந்த அதிர்வெண். சகர, ஷகர ஒலிகள் மங்கி, பேச்சு கேட்கும் ஆனால் சொல் பிடிபடாது. மெலிந்த டிவிகளில் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கிறது. இதற்கு மேல் எங்கள் துறையின் குற்றம் ஒன்று உண்டு. தொடர்களில் வசனத்துக்கு அடியில் விடாமல் இசை ஓடவிடுகிறோம். மிக்சிங் மேசையில் ஐம்பது தடவை கேட்டு மனப்பாடமான காதுக்கு வசனம் தெளிவாகத்தான் தெரியும். கூடத்தில் முதல்முறை கேட்கும் எழுபது வயதுக்காரருக்குத் தெரியாது. பின்னணி இசையை இறக்கச் சொல்லி நான் ஒவ்வொரு வேலையிலும் சண்டை போடுகிறேன். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இரண்டு: டிவியில் 'கிளியர் வாய்ஸ்' போல ஏதாவது இருந்தால் போடுங்கள், பெரியவரை ஒருமுறை செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

சேனல்கள் செய்ய வேண்டியது இன்னும் பெரிது. காது கேளாதோருக்காக டிவி நிகழ்ச்சிகளில் எழுத்து வரிகளோ சைகை மொழியோ தருவது பற்றி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 செப்டம்பரில் தரநெறிகளை வெளியிட்டது. தமிழ்த் தொடர்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் தமிழில் எழுத்து வரி கிடையாது. வசனத் தாள் ஒவ்வொரு காட்சிக்கும் டப்பிங் தியேட்டருக்கு வருகிறது, பெரும்பாலும் கணினியில் தட்டச்சு செய்தே வருகிறது. பேசி முடித்த வசனம் எந்த ஃப்ரேமில் தொடங்கி எதில் முடிகிறது என்பதும் எங்கள் கணினியில் பதிவாகி இருக்கிறது. அந்த இரண்டையும் சேர்த்துச் சேனலுக்கு அனுப்ப ஒரு உதவியாளருக்கு அரை நாள் வேலை. கேட்டால் நாங்கள் செய்துதரத் தயார்.